ரீகண்டிஷன் செய்து கொடுத்த இன்ஜினில் தவறான பேரிங் போட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், நாகலூர் பக்கம், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். போன் செய்தால் மெயில் போடுங்கள் என்கிறார்கள். மெயில் போட்டால் கிளைக்குப் போகச் சொல்லிப் பதில் வருகிறது. கிளைக்குப் போனால் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யணும் என்கிறார்கள். மலைக்கும் சேலத்துக்குமாக அலைந்து ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் தங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். தயவுசெய்து இதைத் திரும்பவும் சேலம் கிளைக்கே தள்ளிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

என்னிடம் இருப்பது மகிந்திரா 540 ஜீப். அதன் 2112 சி.சி. இன்ஜினில் பிளாக் வெடித்துவிட்டது. ஒட்டுப் போட்டும் நிற்கவில்லை. மகிந்திரா அர்மடா வண்டியில் இருந்து கழற்றிய எக்ஸ்.டி.3.பி. இன்ஜின் ஒன்று கிடைத்தது. 2498 சி.சி., அதுவும் பெஜோ இன்ஜின்தான். மலையில் லோடு இழுக்க அது போதும் என்று வாங்கி, ஆகஸ்ட் மாதம் தங்கள் சேலம் கிளையில் ஃபுல் ரீகண்டிஷனுக்குக் கொடுத்தேன். ஜீப்பில் மாற்றத்தான் என்று அன்றைக்கே சொன்னேன். உங்கள் ஆள்தான் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் "540 ஜீப்பில் பொருத்துவதற்கு" என்று தன் கையால் எழுதினார். நகல் இணைத்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் உங்கள் ஆட்கள் சொன்ன கதை முழுவதும் இந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்காது.

போர் அடித்துப் புது பிஸ்டன், ரிங் செட், கிராங்கை 0.50 மில்லிமீட்டர் குறைத்து அரைக்கும் அண்டர்சைஸ் கிரைண்டிங், மெயின் பேரிங், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துக்கான பிக் எண்ட் பேரிங், ஹெட் ஃபேசிங், வால்வு, ஆயில் பம்ப் என்று பில்லில் எல்லாம் இருக்கிறது. மொத்தம் 86,400 ரூபாய். ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் வாரண்டி. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்பின் போல்ட்டுகளில் பச்சை பெயிண்ட் வைத்து சீல் செய்து கொடுத்தீர்கள். நானும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். இன்ஜின் உட்காரும் பவுண்டேஷன் மாற்றி, ரேடியேட்டரைப் பெரிதாக்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணை ஏற்றி முடித்தேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் லோடு ஏற்றவில்லை. 500-ல் ஆயில் மாற்றினேன், அந்த பில்லும் இருக்கிறது.

ரன்னிங் இன் முடிந்து முதல் முறையாக சேலத்தில் இருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். அடிவாரம் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியரில் திரும்பும்போது அடியில் இருந்து டக் டக் என்று சத்தம். மீட்டரைப் பார்த்தால் ஆயில் பிரஷர் முள் படுத்துக் கிடக்கிறது. ஹீட் முள் நடுவில்தான் இருந்தது. இதையும் நினைவில் வையுங்கள். உடனே வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர்தான் புண்ணியத்துக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டார்.

சம்பைத் திறந்தது நானாக இல்லை. உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர், "சம்பைக் கழட்டி போட்டோ அனுப்புங்க சார், பார்த்துட்டு சொல்றோம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருக்கிறார். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் சொன்னபடிதான் எங்கள் மெக்கானிக் பாய் திறந்தார். அவர் பெஜோ இன்ஜினிலேயே தலை நரைத்தவர். வடித்த ஆயிலில் பொடிப் பொடியாக உலோகம் மின்னியது. நான்கு பிக் எண்டையும் கழற்றினோம். ஒன்றாவது, இரண்டாவது, நான்காவது பேரிங்குகள் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் பேரிங்கின் மேல் பாதி தேய்ந்து செம்பு தெரிந்தது. துணியால் துடைத்து முதுகைத் திருப்பிப் பார்த்தால் 0.25 என்று பொறித்திருக்கிறது. அதே இடத்தில் கீழ்ப் பாதியில் 0.50. மற்ற எல்லாவற்றிலும் 0.50. பாய் மைக்ரோமீட்டர் வைத்து கிராங்க் பின்னை அளந்து பார்த்தார். நான்கும் 0.50-க்குத்தான் அரைத்திருக்கிறது.

இதன் அர்த்தம் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 0.25 என்பது 0.25 மட்டும் குறைத்து அரைத்த கிராங்குக்கான பேரிங். 0.50-க்கு அரைத்த பின்னுக்கு அந்த ஒரு பாதியின் கனம் 0.125 மில்லிமீட்டர் குறைவு. எரியும் டீசல் பிஸ்டனைத் தள்ளும் தள்ளு முழுவதையும் தாங்குவது மேல் பாதிதான். ஆயில் கெட்டியாக இருக்கும்வரை சத்தம் தெரியாது. சூடாகி, லோடும் சேர்ந்தால்தான் தெரியும். அப்படித்தான் தெரிந்தது. அந்த பேரிங்கைப் போட்டது உங்கள் பட்டறையில், உங்கள் ஆள், உங்கள் சீலுக்கு உள்ளே. சீல் வைத்த பிறகு நான் உள்ளே கைவிட்டு பேரிங் மாற்றியிருக்க முடியுமா?

அப்புறம், அந்தக் கிளையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜினை நேரில் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். நல்ல அறுவடை நேரத்தில் ஆளை வைத்து இன்ஜினை இறக்கி, குட்டியானை வாடகைக்குப் பிடித்து, மலை இறங்கி வந்தோம். காலையில் போய் நின்றால் மதியம் வரை இன்ஜின் வண்டியிலேயே கிடக்கிறது. டெக்னிக்கல் ஆள் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். அதை முந்தின நாள் போனில் சொல்லக் கூடாதா? நான் கேட்டதற்கு கவுன்ட்டரில் இருந்த பையன் (என் மகன் வயதுகூட இருக்காது) நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்கிறான்: "நீ காயலாங்கடை இரும்பைக் கொண்டுவந்து கொட்டுனா அதுக்கு நாங்க என்ன பண்றது? மலைக்காரங்களுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?" நீ, வா, போ என்றே பேசினான். குட்டியானை டிரைவர், என் மைத்துனர், அங்கே நின்ற நாலு வாடிக்கையாளர் எல்லோரும் கேட்டார்கள். மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். எழுந்து வெளியே வரவில்லை. இறக்காத இன்ஜினை அப்படியே திரும்ப மலைக்கு ஏற்றிக்கொண்டு போனோம். 86,400 ரூபாயைக் கட்டும்போது அதே கவுன்ட்டரில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள், ஐயா.

அது இரும்புதான். அந்த இரும்பைச் சரிசெய்து தருகிறோம் என்றுதானே பணம் வாங்கினீர்கள்?

அதற்குப் பிறகு வந்த மெயிலில் இரண்டு காரணம். இன்ஜினை வேறு வாகனத்தில் பொருத்தியதால் வாரண்டி செல்லாதாம். சீல் உடைந்ததால் செல்லாதாம். முதல் காரணத்துக்கு ஜாப் கார்டு பதில் சொல்கிறது, இரண்டாவதற்கு உங்கள் ஆளின் குரல் பதிவே பதில். போனில் மூன்றாவதாக ஒன்றும் சொன்னார்கள். ரேடியேட்டர் பத்தாமல் ஓவர்ஹீட் ஆகியிருக்குமாம். ஓவர்ஹீட் என்றால் ஹெட் வளைந்திருக்கும், கேஸ்கட் போயிருக்கும், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கும், பிஸ்டன் பிடித்திருக்கும். ஒன்றுமே இல்லை. ஹெட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்த போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். ஓவர்ஹீட் ஆனால் பேரிங் முதுகில் 0.50 அழிந்து 0.25 என்று மாறிவிடுமா? அர்மடாவில் போட்டிருந்தாலும் இதே மூன்றாவது பேரிங் இப்படியேதான் தேய்ந்திருக்கும்.

என் நஷ்டத்தையும் கேளுங்கள். எங்களுடையது அராபிகா காப்பி. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். பழத்தைத் தோட்டத்தில் இருந்து பல்ப்பருக்குக் கொண்டுபோக ஜீப்பை விட்டால் வேறு வழி இல்லாத மண் பாதை எங்களுடையது. பழம் சிவந்து நின்ற அந்த நேரத்தில் ஜீப் இன்ஜின் இல்லாமல் வாசலில் நிற்கிறது. வாடகை ஜீப் எல்லாம் அவரவர் தோட்டத்து வேலையில். ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு, மூட்டையில் பழம் புளிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிச்சப் பழம் செடியிலேயே காய்ந்து கொட்டியது. இந்த வருடக் காப்பி முழுவதையும் உங்கள் ஒரு பேரிங் தின்றுவிட்டது. வாங்கிய கடனுக்கு வட்டி, கூலி, வாடகை, மிளகுக்குப் போட வேண்டிய உரம் போடாமல் போனது, எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. இன்னும் மூன்று வருடத்துக்கு நான் எழுந்திருக்க முடியாது.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஊரில் நாலு பேருக்கு உங்கள் கம்பெனியைச் சிபாரிசு செய்தவன் நான். உங்கள் கிரைண்டிங் வேலையில் குறை இல்லை என்று பாயே சொன்னார். தப்பு அசெம்பிளியில் நடந்திருக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது, சரிசெய்து தருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இப்போது நான் கேட்பது இதுதான். வண்டியும் ஆளும் அனுப்பி இன்ஜினை வீட்டில் இருந்தே எடுத்துப் போங்கள். கிராங்கில் கோடு விழுந்திருக்கிறது, அதை அடுத்த சைஸுக்கு அரையுங்கள் அல்லது வேறு கிராங்க் போடுங்கள். உலோகப் பொடி ஆயில் வழி முழுக்கப் போயிருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிக் கண்துடைப்பு செய்ய வேண்டாம். பிளாக்கின் ஆயில் ஓட்டைகளைக் கழுவி, பம்பைத் திறந்து பார்த்து, மெயின் பேரிங்கும் புதிதாகப் போடுங்கள். அசெம்பிளி செய்யும்போது பாய் உடன் இருப்பார். அதே பிளாக்தான் திரும்ப வேண்டும். மேற்கொண்டு 45,000 கட்டினால் வேறு இன்ஜின் எக்ஸ்சேஞ்ச் தருகிறோம் என்று கிளையில் சொன்ன யோசனை எனக்கு வேண்டாம். இன்ஜின் எண் மாறினால் ஆர்.சி. வேலையை முதலில் இருந்து நான் அலைய வேண்டும். தவறு செய்தவருக்கே திரும்பப் பணம் கட்டவும் முடியாது. வாரண்டி இன்ஜின் திரும்பி வந்த நாளில் இருந்து புதிதாக ஆறு மாதம். நஷ்ட ஈடு எவ்வளவு என்று நீங்களே ஒரு நியாயமான தொகை சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும், என் பில் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாமல் நானே போய் நிற்பேன். பேரிங்கின் இரண்டு பாதியையும் தேதி எழுதி, பாய் கையெழுத்து வாங்கி, கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அங்கே வந்து உங்கள் டெக்னிக்கல் ஆள் அந்த எண்ணைப் படித்துக் காட்டட்டும். அந்த நிலைமை வராமல் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

கவுன்ட்டரில் இருந்த அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. என்னிடமும் என் மைத்துனரிடமும் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் அல்ல, நேரில்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், ஜாப் கார்டு, வாரண்டி அட்டை, ஆயில் மாற்றிய பில், ஆர்.சி. ஆகியவற்றின் நகல்கள், பேரிங், கிராங்க், ஹெட் போட்டோக்கள், குட்டியானை வாடகை ரசீது. குரல் பதிவை மெயிலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே போன் செய்யுங்கள். எங்கள் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஒரு முறை அடித்துவிட்டு "எடுக்கவில்லை" என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.