ஆண்டறிக்கை: நான்காவது பேட்டரியும் நம் அளவீடும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதாந்திரக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே வேலைதான் எடுத்துக்கொண்டது என்பதால், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

சங்கக் கட்டடத்து இன்வெர்ட்டரில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு தொடராக இருக்கின்றன. அவற்றைக் கண்காணிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் நான்கு சேனல் (அளக்கும் நுழைவு) கருவி செய்தோம். அது நான்காவது பேட்டரியை எப்போதும் பலவீனமாகவே காட்டியது. மாற்றுவதற்குப் பணமும் ஒதுக்கிவிட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர் மல்டிமீட்டரை நேராக அதன் முனைகளில் வைத்தபோதுதான் பேட்டரியில் குறையில்லை என்று தெரிந்தது.

நான்காவதை நாம் தனியாக அளக்கவில்லை, நான்கும் சேர்ந்த 48 வோல்ட்டிலிருந்து முதல் மூன்றும் சேர்ந்த 36 வோல்ட்டைக் கழித்தோம். ஊனோ தாங்கும் அளவுக்கு வோல்ட்டேஜைக் குறைக்க 11 லட்சம் ஓம், 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர்கள் போட்ட இடத்தில் இரண்டும் 1 சதவீதம் எதிரெதிராக விலகினால், 48 வோல்ட்டில் 0.9 வோல்ட் வரை பிசகும். ஓய்வில் உள்ள ஈய-அமில பேட்டரி நிறைந்ததற்கும் தீர்ந்ததற்கும் இடையிலான வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லாச் சேனலுக்கும் ஒரே வோல்ட்டேஜைக் கொடுத்து, மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு, தனித்தனித் திருத்த எண் பதிந்தோம். காசு செலவில்லாத இந்த வேலைதான் அதிகப் பலன் தந்தது.

அப்புறம் நிழல் பிரச்சினை, அதாவது ஒரு சேனலின் அளவு அடுத்ததில் படிவது. ஊனோவுக்குள் நான்கு சேனலுக்கும் ஒரே சின்னக் கெப்பாசிட்டர்தான், 14 பிக்கோஃபாரட். அது முந்தைய சேனலின் வோல்ட்டேஜைச் சுமந்துகொண்டே அடுத்ததற்கு வரும். சேனலுக்கு வரும் வழியின் மின்தடை 10 கிலோ ஓமுக்குள் இருந்தால் சட்டென்று மாறிவிடும். நம் இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து தருவதோ 92 கிலோ ஓம். 48 வோல்ட்டைப் பார்த்த கையோடு முதல் சேனலுக்குத் திரும்புவதால் முதல் பேட்டரி கூடுதலாகவும், அதனால் இரண்டாவது குறைவாகவும் தெரிந்தன. ஒவ்வொரு சேனல் நுழைவிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தோம். முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த 20 மில்லிசெகண்ட் அளவுகளை எடுத்துச் சராசரி போட்டோம். மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் ஒரு சுற்று அதே நேரம்தான் என்பதால், அதுவும் அதில் அடங்கியது.

வெயிலில் ரெசிஸ்டர்களின் மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று இன்னும் பார்க்கவில்லை. வரும் கோடையில் பார்க்கலாம். உபரித் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுங்கள். பேட்டரிக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்று முடிவெடுக்க வேண்டும்.

செயலாளர்