சொன்ன சொல்லுக்கு ஒரு நோட்டு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பை தைக்கிற வேலைக்கு ஆர்டர் நிறைய வருகிறது, ஆனால் நாள் முடியும்போது என்ன செய்து முடித்தோம் என்றே தெரியவில்லை என்று போனில் சொன்னாய். இதையெல்லாம் பேச்சில் சொன்னால் பாதி காதோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் வேலை தெரியாமல் தடுமாறுவது அபூர்வம். யாருக்கு என்ன ஒப்புக்கொண்டோம், எந்த நாளைக்கு, யார் பொறுப்பில் என்பதெல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கும். அதனால்தான் துணி வீணாகிறது, பணம் தாமதமாகிறது, ஆட்களோடு மனக்கசப்பு வருகிறது. ஒப்புக்கொண்ட ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இடம், ஒரு தேதி, ஒரு பெயர் வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு நோட்டு வாங்கு. கோடு போட்டது, கெட்டி அட்டை, 200 பக்கம் இருந்தால் போதும். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். வேலை குறைந்த நாளில் பக்கம் வெறுமனே கிடக்கும், கூடின நாளில் இடம் போதாது. விரித்தால் இடப்பக்கம் நாம் பிறருக்குக் கொடுத்த வாக்கு, வலப்பக்கம் பிறர் நமக்குக் கொடுத்த வாக்கு. இடப்பக்கத்தை எல்லோரும் எப்படியோ நினைவில் வைத்துக்கொள்வார்கள். கோட்டைவிடுவது வலப்பக்கத்தில்தான். துணிக்காரர் செவ்வாய்க்கிழமை சரக்கு வரும் என்றார், பிரிண்ட் போடுகிறவர் புதன் காலை சாம்பிள் தருகிறேன் என்றார். அது எழுதப்படாவிட்டால் செவ்வாய் போய் வியாழன் வந்தபிறகுதான் ஞாபகம் வரும். அதற்குள் உன் வாக்கும் சேர்ந்து பொய்த்திருக்கும்.

ஒரு வரியில் ஐந்து விஷயம்: எழுதிய தேதி, யார், என்ன, எந்த நாளைக்குள், யார் பார்ப்பது. முடிந்ததும் மேலே ஒரே ஒரு கோடு போடு. கிறுக்கி மறைக்காதே, மூன்று மாதம் கழித்து ஒரு தகராறு வந்தால் அந்த வரியைப் படிக்க வேண்டியிருக்கும். பில்லின் பின்பக்கம், உள்ளங்கை, காலண்டர் தாள், போனில் ஒரு மூலை என்று எங்கே குறித்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் நோட்டுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது நோட்டு போட்டால் இந்த ஏற்பாடே கெட்டுவிடும். எதில் எழுதினோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

கதவைப் பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் அதனோடு உட்கார். கோடு விழாத வரி ஒவ்வொன்றுக்கும் முடிவு எடு: நாளைக்கா, வேறு தேதிக்கா, அல்லது முடியாது என்று சொல்லிவிடுவதா. பிறகு நாளைக்குக் கண்டிப்பாக முடிக்கவேண்டிய மூன்றை மட்டும் தனியாக எழுது. மூன்றுக்கு மேல் எழுதினால் எது முக்கியம் என்பது மறுபடி கலங்கிவிடும். காலையில் வந்ததும் அந்த முதல் வேலையைத் தொட்டபிறகு போனைத் திற.

அடுத்தது போனில் ஆர்டர் எடுப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சரக்கு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஆட்கள் எண்ணிக்கையை ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். தர்ட்டீன், தர்ட்டியும் அப்படித்தான். ஆகவே நீ திரும்பச் சொல்லும்போது தமிழில் சொல், இலக்கம் பிரித்தும் சொல்: "ஐம்பது பை, ஐந்து பூஜ்யம், சரிதானே?" விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டு நிலையமும் பேசுவதும் இப்படித்தான். மேலே உயர அனுமதி கிடைத்தால் எத்தனை அடி என்று விமானி திரும்பச் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் அங்கிருப்பவர் உடனே திருத்துவார். கேட்டவர் திரும்பச் சொல்ல, சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்க, இரண்டும் நடந்தால்தான் அது உறுதி.

தேதியிலும் இதே ஆபத்து உண்டு. "வர்ற வெள்ளி" என்றால் ஒருவருக்கு இந்த வாரம், இன்னொருவருக்கு அடுத்த வாரம். எப்போதும் கிழமையும் தேதியும் சேர்த்துச் சொல். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே பிழை தெரிந்துவிடும். மாதத்தைப் பெயரால் எழுது. 5/6 என்று எழுதினால் மே ஆறா, ஜூன் ஐந்தா என்று ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள்.

அளவு இன்னும் நுணுக்கமானது. 14க்கு 16 என்றால் எது அகலம், எது உயரம்? அங்குலமா, சென்டிமீட்டரா? கைப்பிடி 20 அங்குலம் என்று வாடிக்கையாளர் சொன்னால், அது பட்டையின் முழு நீளமா, பையின் மேல்விளிம்பிலிருந்து கைப்பிடி நிற்கும் உயரமா? தைக்கிறவர் முதலாவதாக எடுத்துக்கொள்வார், வாங்குகிறவர் இரண்டாவதை மனதில் வைத்திருப்பார். ஐம்பது பையும் தைத்து முடித்தபிறகு, தோளில் மாட்ட முடியவில்லை என்று திரும்பி வரும். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அசட்டையாகவும் இல்லை. ஒரே சொல்லை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் போனை வைத்த பத்து நிமிடத்துக்குள் எழுத்தில் ஒரு செய்தி போகட்டும். இந்த மாதிரி:

"ஆர்டர் 112. துணிப்பை 50 (ஐம்பது). அகலம் 14 அங்குலம், உயரம் 16 அங்குலம். கைப்பிடி மேல்விளிம்பிலிருந்து 10 அங்குல உயரம் நிற்கும். பிரிண்ட் ஒரு பக்கம், கறுப்பு. மார்ச் 14 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குத் தயார். சரிபார்த்து 'சரி' என்று பதில் அனுப்புங்கள். அதன்பிறகு துணி வெட்டுகிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. பதில் வராமல் கத்தரி எடுக்காதே. நடுவில் அவர்கள் ஏதாவது மாற்றினால் மாற்றத்தை மட்டும் அனுப்பினால் போதாது. முழுச் செய்தியையும் திருத்தி, மேலே "திருத்தம் 2" என்று போட்டு அனுப்பு, பழைய தாளைக் கிழித்துவிடு. தைக்கிறவர் கையில் இரண்டு தாள் இருந்தால் பழையதைத்தான் பார்த்துத் தைப்பார். வாய்ஸ் மெசேஜில் வந்த அளவையும் நீயே எழுத்தாக்கி அனுப்பிச் 'சரி' வாங்கு. பிறகு தேடும்போது குரல்பதிவில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

இனி, என்றைக்குத் தருவாய் என்று கேட்டால் என்ன சொல்வது? மனதுக்குத் தோன்றிய தேதியைச் சொல்கிற பழக்கத்தை விடு. இதற்குக் கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. வரிசையில் நிற்கிற வேலை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கையில் இருக்கும் ஆர்டர்களை எண்ணு, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை முடிக்கிறீர்கள் என்பதால் வகு. 18 ஆர்டர் இருக்கிறது, ஒரு நாளைக்கு 3 முடிகிறது என்றால் இன்று வந்த ஆர்டர் முடிய ஆறு வேலை நாள். ஆசையில் 30 ஆர்டர் எடுத்துவிட்டாய், ஆட்கள் அதே ஆட்கள், மெஷின் அதே மெஷின் என்றால் பத்து நாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். உண்மையில் எல்லாமே பாதியில் கிடக்கும், ஒன்றும் வெளியே போகாது. எனவே கடந்த நான்கு வாரத்தில் முடித்த ஆர்டர்களை எண்ணி, வேலை நாட்களால் வகுத்து அந்தச் சராசரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. பிரிண்டுக்கு வெளியே போய் வரும் நாளைத் தனியாகக் கூட்டிக்கொள். மிகப் பெரிய ஆர்டர் வந்தால் அதை ஒன்று என்று எண்ணாதே, வழக்கமான ஆர்டர் எத்தனைக்குச் சமமோ அத்தனையாக எண்ணு. கணக்கில் வந்த நாள் வாடிக்கையாளருக்கு ஒத்துவராவிட்டால் மரியாதையாக முடியாது என்று சொல்லிவிடு. சொன்ன நாளில் தராமல் இழக்கிற வாடிக்கையாளரைவிட, முன்பே மறுத்த வாடிக்கையாளர் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

வாட்ஸ்அப்பை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று தெரிகிறது. காலை 10, மதியம் 1, மாலை 5, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஒதுக்கு. இடையில் செய்தி ஒலியை அணைத்துவிடு, அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும். "அவசரம் என்றால் அழையுங்கள்" என்று தானியங்கிப் பதிலில் போட்டு வை. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிவதை உடனே சொல்லி முடி. மற்றதை நோட்டில் ஏற்றிவிட்டு, "நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பு. படித்துவிட்டு அப்படியே விடுவதுதான் மோசம். படித்ததாக அவர்களுக்குக் காட்டிவிடும், உனக்கு மறந்துபோகும். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் ஒட்டலாம். "பதில் பாக்கி", "அட்வான்ஸ் பாக்கி", "தயார்" என்று மூன்று போதும். அடிக்கடி சொல்லும் பதில்களைக் குறுக்குப் பதிலாகச் சேமித்து வைத்தால் ஒரு சாய்கோடு தட்டி எடுத்துவிடலாம்.

ஆட்களோடு பேசுவதைப் பற்றி. காலையில் எல்லோரும் நின்றபடியே பத்து நிமிடம்: இன்று எது வெளியே போகணும், எது எதற்காக நிற்கிறது, யாருக்கு என்ன வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும். வேலை சொல்லிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்காதே. யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் வரும், உன்னைவிட வயதில் பெரியவர்களாக இருந்தால் சந்தேகம் கேட்கவே கூச்சப்படுவார்கள். "அக்கா, இதை எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்று கேள். அவர்கள் சொல்வதிலேயே புரிந்ததும் புரியாததும் தெரிந்துவிடும். குரூப்பில் "யாராவது நூல் ஆர்டர் பண்ணிடுங்க" என்று போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள். பெயரையும் நேரத்தையும் போட்டுக் கேள்.

பார்சல் அனுப்புமுன் சரிபார்க்க ஒரு சின்னப் பட்டியல் சுவரில் ஒட்டு. 1935 அக்டோபரில் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற பெரிய விமானம் சோதனைக்குக் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாமல் வாலில் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கமானது அதன்பிறகுதான். தெரியாதவர்களுக்காக அந்தப் பட்டியல் எழுதப்படவில்லை, நன்றாகத் தெரிந்தவர்களுக்காகவே எழுதப்பட்டது. கை பழகிய வேலையில்தான் ஒரு படி நழுவும். உனக்கு ஆறு வரி போதும்: எண்ணிக்கை, அளவு, பிரிண்ட், நூல் நறுக்கியது, பில் வைத்தது, முகவரி. பார்சல் கட்டுகிறவரே தன் வார்த்தையில் எழுதட்டும். பத்துக்கு மேல் போனால் படிக்காமலே டிக் போடத் தொடங்கிவிடுவார்கள்.

தாமதமாகும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்துச் சொல். காரணம் ஒரு வாக்கியம், புதிய தேதி ஒன்று, அவ்வளவுதான். புதிய தேதியும் தவறக்கூடாது, அதனால் அதில் ஒரு நாள் கூடுதலாகவே வை. பேசியதை எழுத்திலும் அனுப்பு. புகார் வந்தால் குறுக்கிடாமல் கேட்டு எழுது, எழுதியதைத் திரும்பச் சொல், எப்போது மறுபடி அழைப்பாய் என்று நேரம் சொல். தீர்வு கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு அழைத்துவிடு.

பணம் கேட்கக் கூச்சப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். சரக்கு போகிற அன்றே பில் போகட்டும், தொடர் எண்ணோடு. "30 நாளில்" என்று எழுதாமல் கடைசித் தேதியையே எழுது. முப்பது நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு கிடைத்ததிலிருந்தா என்று ஒரு விவாதம் மிச்சம். தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல், அன்றைக்கு ஒன்று, ஒரு வாரம் தாண்டினால் போன். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம், கோபமும் வேண்டாம். "பில் 112 பாக்கி இருக்கிறது, எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?" என்று கேள். பதிலாக ஒரு தேதி வரும், அதை வலப்பக்கத்தில் எழுது. பாக்கி நிற்கும்போது அதே ஆளின் அடுத்த ஆர்டருக்குத் துணி வெட்டாதே.

வாரம் ஒருமுறை நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து வை. கோப்புக்கு 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே அடுக்கி நிற்கும். முக்கியமான கணக்குக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். அவ்வப்போது ஒன்றைத் திறந்து பார், திறக்கிறதா என்று.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதே, பத்தே நாளில் அலுத்துவிடும். இந்த வாரம் நோட்டும், போனில் திரும்பச் சொல்வதும் மட்டும். அது கைவந்தபிறகு தேதிக் கணக்கு, பிறகு பில். மற்றவை தானாக வரும். ஆர்டர் உறுதி செய்யும் செய்தியை உன் வேலைக்கு ஏற்றபடி எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்பு. எந்த வரிக்கு இரண்டு அர்த்தம் வருகிறது என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா