உன் கீபோர்டு புலம்பலுக்கு பதில்

டேய் மாப்ள,

நல்லாருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடாததுக்கு காரணம் நீ எதைப் பத்தி புலம்பினியோ அதேதான், என் லேப்டாப்லயும் ஸ்பேஸ் பார் இடது ஓரத்துல குத்தினாதான் வேல செய்யுது. இது பொண்ணோட கீபோர்டுல அடிக்கிறேன்.

அதைக் கழட்டி துடைச்சிட்டு இருந்தவன் சும்மா இல்லாம பழைய ஹோம் கம்ப்யூட்டர் கதையெல்லாம் படிக்க உக்காந்துட்டேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமாடா! 1981ல பிரிட்டன்ல வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81ல தட்டையா ஒரு பிளாஸ்டிக் ஷீட்தான் கீபோர்டு, அமுக்குனமா இல்லையான்னு விரலுக்கே தெரியாது, ஸ்கிரீனைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். அடுத்த வருசம் அதே கம்பெனி விட்ட ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்ல ரப்பர் கீ வச்சாங்க, மொத்தமே 40, அதனால ஒரே கீ தலையில அஞ்சாறு வேலையைக் கட்டிட்டாங்க. கேசட்ல இருந்து கேம் ஏத்தணுமா, லோட்னு எழுத்தெழுத்தா அடிக்க முடியாது, ஜே அமுக்குனா முழு வார்த்தையும் வந்து நிக்கும், அப்புறம் சிம்பல் ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு பியை ரெண்டு தடவ அமுக்கணும், அது மேற்கோள் குறிக்கு. தப்பா அடிச்சா அழிக்க தனி கீ இல்ல, கேப்ஸ் ஷிஃப்டோட ஜீரோ. ஆனா அவங்க மேல எனக்கு கோவம் வரல, 125 பவுண்டுக்கு கலர் கம்ப்யூட்டர் குடுக்கணும்னா எங்கயாவது கை வச்சுதானே ஆகணும்.

ஜீரணிக்கவே முடியாதது ஐபிஎம். டைப்ரைட்டர்ல பேர் வாங்குன கம்பெனி, 1981 பிசிக்கு கல்லு மாதிரி கீபோர்டு போட்டவங்க, வீட்டுக்குன்னு பிசிஜூனியர் கொண்டு வரும்போது சூயிங்கம் துண்டு மாதிரி குட்டி குட்டி கீ வச்சாங்க. அதுலயும் எழுத்து கீ மேல இல்ல, அதுக்கு மேல இருக்கற சட்டத்துல! ஏன்னா கேமுக்கு ஏத்த மாதிரி கீ பேரெல்லாம் போட்ட அட்டையை மேல வைக்கலாமாம். வயரும் கிடையாது, டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட், ஒரே ரூம்ல ரெண்டு மூணு மெஷின் இருந்தா ஒண்ணுக்கு அனுப்பறதுல இன்னொண்ணும் குழம்பும், அதுக்குன்னு வயரைத் தனியா வித்தாங்க பாரு. கடைசில 1984ல வாங்குனவங்களுக்கெல்லாம் புது கீபோர்டை காசில்லாம குடுத்தாங்க, 1985 மார்ச்ல மெஷினையே நிறுத்திட்டாங்க. செய்யத் தெரியாதவன் சொதப்புனா பரவால்லடா, தெரிஞ்சவன் வேணும்னே பண்ணா என்ன சொல்றது.

சரி, உன் கீபோர்டு மாத்த ரிப்பேர்காரர் எவ்வளவு கேட்டாருன்னு எழுது, நானும் அங்கயே குடுத்துடறேன், பொண்ணு இப்பவே இதைத் திருப்பிக் கேக்குறா.

உன் பழைய பெஞ்சுக்காரன்