என் மகன் கல்லறைக்கும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்கள் பாம்பனில் அன்று மாலை மெழுகுவர்த்தியோடு வருகிறவர்கள் தங்கள் வீட்டார் கல்லறையோடு நின்றுவிடுவதில்லை. அக்கம்பக்கத்துக் கல்லறைகளிலும் ஒன்றை ஏற்றிவைத்துச் செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். என் மகன் கல்லறைக்கு வரும்போது மட்டும் பலருக்குக் கால் தயங்குகிறது. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். 22 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன் அவன்.

அவன் இறந்த அன்று என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையைக் கோயிலுக்குள் கொண்டுபோக விடுவார்களா?" என்பதுதான். அவர் சிறுமியாக இருந்தபோது இப்படி இறந்தவர்களுக்குப் பூசை கிடையாதாம். பங்குத்தந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சட்டம் 1983-லேயே போய்விட்டது, பாட்டி" என்றார். இவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, இவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி நூலில் 2283-ஆம் எண்ணில் இருப்பதையும் எடுத்துச் சொன்னார். பீடத்தின் முன்னே வைத்துப் பூசை செய்துதான் அடக்கம் செய்தோம். ஆனாலும் "அவனுக்கு மோட்சம் ஏது" என்ற பேச்சை, மீன் வாங்கப் போன இடத்தில் என் காதாலேயே கேட்டேன்.

நான் பாசி எடுக்கிறவள். அமாவாசைக்குப் பின் ஆறு நாள், பௌர்ணமிக்குப் பின் ஆறு நாள் கடலில் மூழ்குவோம். எவ்வளவு ஆழம் போனாலும் மூச்சு முட்டினால் மேலே வந்துவிட வேண்டும். முப்பதாம் நாள் பூசையில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, "பாதாளத்தில் இறங்கி" என்ற இடத்தில் என் குரல் அடைத்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து சொல்கிற வரிதான். இயேசு ஆண்டவர் சிலுவையில் இறந்தபின், இறந்தவர்கள் இருக்கும் அந்த இடத்துக்கும் இறங்கியிருக்கிறார். என் மூச்சு எட்டாத ஆழத்தில் என் பிள்ளை கிடந்தாலும் அவருக்கு எட்டும். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பாசி எடுப்போம். எனக்கு அதைச் சுற்றிவிடுகிறவன் என் மகன். அவன் போன பிறகு முதல் நாள் கடலுக்குப் போனபோது கை நடுங்கித் துணி நிற்கவில்லை. கூட வந்த ஓர் அக்கா, இந்துதான், என் கையை மடியில் வைத்துக்கொண்டு, "உன் பிள்ளை எப்படிச் சுற்றுவான், சொல்" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு விரலாகச் சுற்றிவிட்டார். அவன் பேச்சை என்னிடம் எடுத்த முதல் ஆள் அவர். ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரும் அவனைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போனவர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசி இரண்டு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சோம்பல் என்று திட்டினேன். எலியா இறைவாக்கினரும் "என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டவர்தான். ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. தூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மனம் உடைந்தவர்கள் உதவிக்கு 104, 14416 என்ற இலவச எண்களில் பேசலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இன்றே பக்கத்தில் போய் உட்காருங்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கல்லறைத் திருநாளன்று மாலை ஐந்து மணிக்கே நாங்கள் போய்விடுவோம். கிழக்கு ஓரத்தில் வேப்பமரத்தை ஒட்டிய கல்லறை. காற்று அதிகமாக இருக்கும், மெழுகுவர்த்தியை மணலில் கொஞ்சம் ஆழமாக ஊன்றுங்கள்.

ஒரு தாய்,
பாம்பன்.