பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: காகிதத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டியும் (கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு வரும் பழுதுக்காகத் தனியாகப் பணம் கட்டி வாங்கும் காப்பு) சேர்த்து வாங்கலாமா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்துவருகிறேன். சிலர் அது பகல் கொள்ளை என்கிறார்கள். சிலர் அது இருந்ததால்தான் தலை தப்பியது என்கிறார்கள். நான் கார் பணிமனையில் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாரண்டி க்ளெய்ம் எழுதி அனுப்புவதும், அது பாஸானதா, திரும்பி வந்ததா என்பதை வண்டிக்காரரிடம் சொல்வதும் என் வேலை. இந்த இரண்டு தரப்பும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் காகிதம் வேறு வேறு, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தில் எல்லோரும் பார்ப்பது முதல் பக்கத்தை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று பட்டியல் நீளமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பணம் கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்வது கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகள்.

ஒரு க்ளெய்ம் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸில் கசிவு. கூலன்ட் இறங்கி, டெம்பரேச்சர் முள் ஏறியிருக்கிறது. வீடு பக்கத்தில்தானே என்று வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டே போய்விட்டார். ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்த நிலையில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். "மேடம், லிஸ்ட்ல சிலிண்டர் ஹெட்னு போட்டிருக்கு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். போட்டுத்தான் இருந்தது. க்ளெய்மைச் சரிபார்க்க வாரண்டி கொடுத்தவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து ஸ்கேனரை மாட்டினார். இன்ஜினில் கோளாறு பதிவாகும்போது, அந்த நேரத்துக் கூலன்ட் சூடு, வண்டியின் வேகம், இன்ஜின் சுழற்சி எல்லாவற்றையும் ஈசியு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு எல்லை மீறிய பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது அதில் தெளிவாக இருந்தது. அப்புறம் பேச என்ன இருக்கிறது? ஹோஸ் பட்டியலிலேயே கிடையாது. பட்டியலில் இல்லாத உதிரி கெட்டு, அதனால் பட்டியலில் உள்ள உதிரி கெட்டால் பணம் இல்லை என்று ஒரு வரி; கோளாறு தெரிந்தும் ஓட்டினால் பணம் இல்லை என்று இன்னொரு வரி. இரண்டிலும் மாட்டினார்.

அதைவிட அவரை நோகடித்தது பிரித்துப் பார்த்த கூலி. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ திறக்காமல் சர்வேயர் முடிவு சொல்ல மாட்டார். திறக்க வண்டிக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். க்ளெய்ம் பாஸானால் அந்தக் கூலி அதிலேயே கழிந்துவிடும். பாஸாகாவிட்டால் நம் தலையில். விற்கும்போது இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் உதிரிக்கு க்ளெய்ம் வந்தால், ஆயில் கெட்டால் அதுவும் கெடும் என்பதால் சர்வேயர் நேரே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே தார் மாதிரி கறுப்புப் படிவு இருந்தால், ஆயில் மாற்றிய பில்லை எடுங்கள் என்பார். முந்தைய உரிமையாளர் ஒழுங்காக ஆயில் மாற்றினாரா என்பது செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டும் இப்படித்தான். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வுகள் வளைந்துவிடும். குறித்த கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் அந்த க்ளெய்ம் அங்கேயே முடிந்தது. பழைய சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத காருக்கு வாரண்டி வாங்குகிறவர், நிராகரிக்கும் காரணத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பது என் கருத்து.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், பேட்டரி, வைப்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தேய்மான உதிரிகள். அவை கிடைக்காது என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது, இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கதை. வண்டிக்காரர் கண்ணுக்கு அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் பெடலே கிடையாது. உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறது. அது தேய்ந்து வண்டி உதறினால் சில கம்பெனிகள் தேய்மானம் என்று தள்ளிவிடும். கியரை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் மட்டும் கொடுக்கும். டீசல் காரில் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், வெளியே ஒயரை வெட்டி ஒட்டி மியூசிக் சிஸ்டம் பொருத்திய வண்டிக்கும் எலக்ட்ரிக்கல் க்ளெய்ம் போடுவதே வீண் வேலை.

இவ்வளவு சொன்னதும், அப்போ வாங்கவே கூடாதா என்று கேட்கலாம். அப்படியும் சொல்ல மாட்டேன். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் முழுதாகச் செத்துப்போய் வந்த ஒரு காருக்கு, மோட்டாரோடு சேர்த்து சக்கரங்களைத் திருப்பும் முழு ராக்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டிக்காரம்மா கட்டியது ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சிறு பங்கு மட்டும். பில்லைப் பார்த்துவிட்டு, "இதை என் கைக்காசில் கட்டணும்னா வண்டியைத்தான் வித்திருக்கணும்" என்றார். அவர் வாங்கியிருந்தது கார் கம்பெனியே தரும் வாரண்டி. முதல் உரிமையாளர் காலத்திலிருந்து எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைலில் வைத்திருந்தார். சர்வேயர் வந்தார், பார்த்தார், சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழுது தானாக வந்தது, பராமரிப்பு சுத்தமாக இருந்தது, பணம் தர வேண்டியவர் ஓடிப்போகிற ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் க்ளெய்ம் பாஸாகும்.

பணம் யார் தருகிறார்கள் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கார் கம்பெனியா, அதன் பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏதும் நிற்கிறதா, இல்லை விற்ற ஷோரூமே லெட்டர்ஹெட்டில் அச்சடித்துத் தந்ததா? கடையை மூடினால் கடைசி வகைக் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது?

எந்தக் கார் என்பதும் முக்கியம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், எலக்ட்ரானிக்ஸ் குறைவு என்றால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள்; பழுது வந்தால் எடுத்துச் செலவு செய்யுங்கள், வராவிட்டால் உங்களுடையது. ஆட்டோமேட்டிக், டர்போ, ஏர் சஸ்பென்ஷன் என்று ஒரு உதிரி போனாலே வண்டி விலையில் பெரும்பங்கைக் கேட்கும் கார், அதுவும் கம்பெனி வாரண்டி இப்போதுதான் முடிந்தது, கையில் சேமிப்பும் இல்லை என்றால் யோசித்து வாங்கலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: கம்பெனி வாரண்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா? முதல் விற்பனைத் தேதியைப் பாருங்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களின் பெரிய பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் கொடுக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் காப்புக்கு இன்னொரு முறை பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதிலேயே இன்னொரு தந்திரம். 'இத்தனை ஆண்டு, இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்தா, கார் முதன்முதலில் ரோட்டுக்கு வந்த நாளிலிருந்தா? பின்னது என்றால் பாதி காலம் ஏற்கெனவே போய்விட்டது. பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் வேறு. அதற்குள் வரும் பழுது உங்கள் செலவு. காத்திருப்புக் காலம் முடிந்து சில நாளில் வந்தால், முன்பே இருந்த கோளாறு என்று சந்தேகப்படுவார்கள்.

கார் லோனோடு வாரண்டியையும் சேர்த்துவிடுகிறோம், மாதத்துக்குச் சில்லறைக் காசுதான் கூடும் என்று சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். வாரண்டி முடிந்த பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறேன் என்று சொல்லி விலையைப் பேசிப் பாருங்கள், குறையும். அதில் விற்பவரின் கமிஷன் இருக்கிறது, அதனால் இறங்கி வர இடமும் இருக்கிறது.

நான் வாரண்டியைவிட மதிப்பது, விற்பவர் தன் கைக்காசில் தரும் பொறுப்பை. பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் நல்ல வண்டிக்கும் சரியான விலை கிடைக்காமல் அது சந்தையை விட்டே விலகும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதைச் சரிசெய்யும் வழிகளில் ஒன்றாக அவர் சொன்னது, விற்பவரே உத்தரவாதம் தருவது. மூன்று மாதத்துக்குள் கியர்பாக்ஸ் போனால் என் செலவு என்று வியாபாரி எழுதிக் கொடுத்தால், அவருக்கு வண்டிமேல் நம்பிக்கை இருக்கிறது என்று தெரிகிறது. நான் காசு கொடுத்து மூன்றாவது ஆளிடம் வாங்கும் வாரண்டியில் வியாபாரி எதையும் பணயம் வைப்பதில்லை.

சட்டம் இலவசமாக என்ன தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். பழைய காரும் இதில் அடக்கம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வியாபாரி. அமெரிக்காவில் இந்த விளம்பரங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்றால், செலவு முழுவதையும் ஏற்போம் என்ற தோற்றம் தந்து விற்றதாகக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் ஒரு பெரிய நிறுவனம் 2024-இல் 1 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சியில் பிரபலங்களை வைத்து விற்ற நிறுவனம் அது.

வாங்கும் முன் உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துப்போய் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, வாரண்டித் தொகையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஸ்கேனர் ரிப்போர்ட்டில் வண்டியின் மற்ற எலக்ட்ரானிக் யூனிட்டுகளில் பதிந்திருக்கும் கிலோமீட்டரையும் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் அந்த யூனிட்டுகளை மறந்துவிடுவது உண்டு. வாரண்டி வாங்குவதாக இருந்தாலும் இந்த ரிப்போர்ட் தேவை. முன்பே இருந்த கோளாறு என்று சொன்னால் எடுத்துக் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் காகிதம் வாங்குபவர் கைக்கு வருவது, விலை பேசி முடித்து, சாவியை மேசைமேல் வைத்த பிறகு. அப்போது யாரும் விலக்குகளைப் படிப்பதில்லை, படிக்கவும் விடுவதில்லை. பழைய கார் விளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் வருகின்றன. விளம்பரத்தில் வாரண்டி என்று போடுகிறவர்கள், முழு ஒப்பந்தத்தையும் முந்தைய நாளே வாங்குபவரிடம் தர வேண்டும் என்று விளம்பரப் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கலாம். முன்கூட்டியே கேட்டும் தர மறுத்த அனுபவம் உள்ள வாசகர்கள் எழுதினால், பெயர்களை விசாரித்துச் சரிபார்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வீஸ் அட்வைசர்