ஆச்சிக்கும், உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல், பேட்டை வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

கணவன் அடித்ததால் பிள்ளைகளோடு அந்த வீட்டை விட்டு நான் வெளியேறியது உங்களில் பலருக்கும் தெரியும் என்பதால், நடந்ததை மறுபடியும் விரித்து எழுதப்போவதில்லை. என் பெயரும் பிள்ளைகள் பெயரும் உள்ள தனிக் குடும்ப அட்டை நேற்று வந்து சேர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பேட்டையில் எங்களுக்கு வீடு கொடுத்த ஆச்சிக்கு. கணவன் துணையின்றிப் பிள்ளைகளோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் எழுத்தில் எதுவும் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வம்பு தங்கள் வாசலுக்கு வந்துவிடுமோ என்ற அவர்களுடைய அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனி அட்டைக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஆச்சி ஒரு வார்த்தையும் விசாரிக்காமல் உள்ளே போய், பெட்டியில் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்திருந்த வீட்டுத் தீர்வை ரசீதையும் கரண்டு அட்டையையும் எடுத்து வந்து, "செராக்ஸ் எடுத்துட்டு வா ஏட்டி, கையெழுத்துப் போடுதேன்" என்று கொடுத்தார்கள். வழங்கல் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவரையும் ஆச்சியே அழைத்துப்போய், "தனிச் சமையல்தான், நீங்களே பாருங்க" என்று எங்கள் அடுப்பையும் அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்த உலையையும் காட்டினார்கள்.

இதில் என்ன பெரிய உதவி என்று சிலருக்குத் தோன்றலாம். அடி வாங்கிக்கொண்டும் ஒரு பெண் ஏன் அதே வீட்டில் கிடக்கிறாள் என்று கேட்பவர்கள், வெளியே வந்தால் அவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதில்லை. பீடி சுற்றியது நான். பீடிக்கடையில் வேலையைப் பதியும் புத்தகமான பாஸ் மாமியார் பெயரில் இருந்ததால் கூலியும் வருங்கால வைப்பு நிதியும் அவர் கணக்கிலேயே சேர்ந்தன. அரசு உதவியும் பெரும்பாலும் குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டுமே என்பதால், கணவன் வீட்டு அட்டையில் பெயர் இருந்தவரை எனக்கு அதில் வழியில்லை. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கோ பிரிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். அந்த 5 ஆண்டுகளும் பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போடுவது என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் வீட்டில் வசிக்கும் உரிமையை எனக்குத் தருகிறது. ஆனால் அடித்த கை இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்குத் துணிவில்லை. ஆகவேதான் ஆச்சி போட்ட கையெழுத்து எனக்கு அத்தனை பெரிதாயிற்று.

நள்ளிரவில் பெண்கள் உதவி எண்ணான 181இல் பேசி என்னைத் தேற்றிய சகோதரிக்கும், காயங்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்ட செவிலியருக்கும், பொறுமையாகக் கேட்டு அறிக்கை எழுதிய, குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலருக்கும், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் கட்டணமின்றி வழக்கை நடத்தும் வழக்கறிஞருக்கும், மாற்றுச் சான்றிதழ் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியைக்கும், வழக்குக்கு நான் அலைந்த நாட்களில் என் பங்குக்கும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்த பீடிக்கடைத் தோழிகளுக்கும் என் நன்றி.

உரிமைத்தொகைக்கும், என் பெயரில் பீடிப் பாஸுக்கும் இனிதான் விண்ணப்பிக்க வேண்டும். இனி எங்கள் தெருவிலோ பீடிக்கடையிலோ இதே நிலையில் எந்தப் பெண் வந்து நின்றாலும், அவளுக்கு மனு எழுதித் தரவும், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன் வரவும், விசாரணைக்கு வருபவரிடம் அவளுக்காகச் சாட்சி சொல்லவும் நான் வருவேன். கூலி போகும் நாளானாலும் வருவேன்.

நன்றியுடன்,
பேட்டையில் குடியிருக்கும் உங்கள் சகோதரி