பம்ப் ஹவுஸ் கதவின் அகலம்

கிருஷ்ணகிரி
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழை பிடித்தால் கூடுகிறது, வெயில் வந்தால் குறைகிறது. மாத்திரை மட்டும் எப்போதும் ஒன்றுதான். மாங்காய் அறுப்பு முடிந்து தோப்பு ஓய்ந்துவிட்டது. பெங்களூராவுக்கு இந்த வருடமும் கூழ் ஆலைக்காரர்கள் சொன்னதே விலை. அதைத் தொட்டால் கடிதம் முழுக்க வசவாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

வேலை முடிந்தது என்ற சான்றில் கையெழுத்துப் போடலாமா என்று போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வேலையில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது, எழுதியதுதான் நிற்கும் என்று உனக்குச் சொல்லப் போகிறவன் நானே. அதைப் போனில் சொன்னால் நன்றாக இருக்குமா?

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நீ எங்கே என்ன கட்டுகிறாய் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ராணுவத்துக்குக் கட்டடமும் மின்சாரமும் தண்ணீரும் பார்க்கிற நம் எம்.இ.எஸ். தொடங்கியதும் 1923, அலுவல் இரகசியச் சட்டம் வந்ததும் 1923. இரண்டும் ஒரே வயதுக்காரர்கள். ஆனால் போன மாதம் அம்மாவிடம், இங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று புலம்பினாயாம். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 3500 மீட்டர் வாக்கில் இருக்கிறாய் என்று நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பருப்பைக் கொண்டே ஒரு ஓய்வூதியக்காரனால் கண்டுபிடிக்க முடிகிறது. கொஞ்சம் பார்த்துப் பேசு, அம்மா.

காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் உன் அத்தை பத்துப் பேர் நடுவில், "ராணுவத்துக்குப் பீரங்கிக் கொட்டகை கட்டுகிறாளாமே?" என்று கேட்டாள். "சாக்கடைக் குழாய் போடுகிறாள்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே! மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், அறையைச் சூடாக்குவது எல்லாம் இப்போது உன் தலையில். ஒழுங்காக ஓடும் வரை இவை இருப்பதே யாருக்கும் தெரியாது.

தருமபுரிக்குப் போகிற வழியில் அதியமான்கோட்டை வந்தால் எனக்கு ஔவையின் தூதுப் பாட்டு நினைவுக்கு வரும். பள்ளியில் நீயும் படித்ததுதான். தொண்டைமான் தன் படைக்கருவிகளுக்கு மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகைக்குள் வைத்திருக்கிறான். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. எங்கள் தமிழாசிரியர் அதியமானின் வீரத்தைச் சொல்லிவிட்டு மணியடித்ததும் போய்விட்டார். நான் மின்சாரமும் இயந்திரமும் பார்க்கிற இ/எம் பிரிவுக்காரன். என் கண் கொல்லன் மேல்தான் போகிறது. முறிந்த வேல் மறுபடி களத்துக்குத் திரும்ப வேண்டுமானால் அந்த உலை அணையாமல் இருந்திருக்க வேண்டும், கரி தீராமல் இருந்திருக்க வேண்டும், துருத்தி கிழியாமல் இருந்திருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொண்டவனைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. தொண்டைமானின் ஸ்டோர்கீப்பரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஈரம் ஏறாத கட்டடத்தில் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தானே, அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். கேலிக்கு ஆளானது அவன் தலைவிதி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வேலை முடிந்தது என்ற சான்றில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாய். ஒப்பந்தக்காரருக்குப் பனி விழுமுன் ஆட்களோடு மலையிறங்க வேண்டும். யூனிட்டுக்கு உள்ளே குடியேற வேண்டும். உன் மேலதிகாரிக்கு அறிக்கையில் ஒரு தேதி வேண்டும். மூவரும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் தை மாதத்து நடுராத்திரியில் குழாய் உறைந்து போனால் டார்ச்சும் ஸ்பேனருமாக ஓடப் போகிறவர்கள் ஃபிட்டர் வேலை பார்க்கிற ஒரு எஃப்.ஜி.எம்.மும், மேட் என்கிற அவருடைய உதவியாளரும். அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவர்களுக்காக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள் நீ ஒருத்திதான் என்று வைத்துக்கொண்டு முடிவெடு.

ஆகஸ்டு மாதத்தில் சூடேற்றும் அமைப்பை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதினால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. கொதிகலன் எரிகிறது, பம்ப் சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். கடைசி அறைக்குச் சூடு போய்ச் சேருகிறதா என்பது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் தெரியும். ஆகவே கையெழுத்தை மறுக்காதே, மறுத்தால் பிடிவாதக்காரி என்று பெயர் வரும், வேலையும் நகராது. கையெழுத்துக்கு மேலே எதையெதைச் சோதிக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை, எந்த மாதம் யார் முன்னிலையில் சோதிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுது. ஒப்பந்தக்காரரின் ஆள் அன்றைக்கு வந்து நிற்க வேண்டும் என்பதையும் எழுது. அந்தத் தாளில் அவரிடமும் கையெழுத்து வாங்கு.

ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணை அப்படியே நம்பாதே. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத டீசல் இன்ஜின் அந்த உயரத்தில் தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் இழந்துவிடும். டர்போ இருந்தால் இழப்பு குறையும், அடியோடு மறையாது. சுவிட்ச்கியரும் டிரான்ஸ்பார்மரும் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று வைத்துத் திறன் குறிக்கப்பட்டவை. அதற்கு மேலே காற்று மெலிந்துவிடுவதால் சூட்டையும் சரியாக வாங்கிப் போகாது, மின்பொறி தாவுவதையும் சரியாகத் தடுக்காது. உயரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேள். முழுச் சுமையை ஏற்றி, நீ பக்கத்தில் இருக்கும்போது சில மணி நேரம் ஓடட்டும். இதைக் குளிர்காலம் வரை தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

கான்கிரீட் என்பது கட்டடமும் சாலையும் பார்க்கிற பி/ஆர் பிரிவின் பாடு என்று நீ ஒதுங்கிவிடக்கூடாது. உன் இயந்திரங்கள் நிற்கும் மேடையும் கான்கிரீட்தான். 150 மில்லிமீட்டர் சோதனைக் கான்கிரீட் கட்டியை 27 டிகிரித் தண்ணீரில் 28 நாள் வைத்திருந்து உடைத்துப் பார்த்து, தேறிவிட்டது என்பார்கள். கட்டி வெதுவெதுப்பான தொட்டியில் வளர்ந்தது. மேடை இரவெல்லாம் குளிரில் கிடந்தது. காற்று 5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே குளிர்காலக் கான்கிரீட் என்று இந்தியத் தர விதி தனியாகப் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. நம் ஊரில் ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். அங்கே இளங்கான்கிரீட்டுக்குள் தண்ணீர் உறைந்தால் அது விரிந்து உள்ளேயே உடைத்துவிடும். மேடைக்குப் பக்கத்திலேயே, மேடைக்குப் போர்த்திய அதே போர்வைக்குள் சில கட்டிகளை வைத்து வளர்த்து உடைத்தார்களா என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் உனக்கே புரிந்துவிடும்.

2017 நவம்பரில் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது நினைவிருக்கிறதா? தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை விட்டார்கள். நானும் பார்க்கப் போனேன். காமராஜர் ஆட்சியில் கட்டிய அணை, சுவர் அசையாமல் நிற்கிறது. தண்ணீர் அந்த ஒரு மதகு வழியாகச் சீறிக்கொண்டு போகிறது. அசையாத பாகத்தைக் கட்டியவர்களுக்குக் கல்வெட்டு வைப்பார்கள். அசைகிற பாகம்தான் முதலில் தேயும், அதுதான் நம் பிரிவுக்கு வரும். ஒரு பொருளை வைக்கும்போதே அதை எப்படிக் கழற்றி வெளியே எடுப்பது என்று நான் கேட்பது வழக்கம். கூட இருந்தவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அதனால் உன் பம்ப் ஹவுஸ் கதவை அளந்து பார். கூரையைப் போடுவதற்கு முன் கிரேனில் ஜெனரேட்டரை இறக்கிவிட்டுப் பிறகு சுவரெழுப்பிக் குறுகலான கதவு வைத்த கட்டடங்கள் எனக்குத் தெரியும். அடுத்த ஜெனரேட்டர் வரும்போது சுவரை இடிப்பார்கள். மோட்டாரைத் தூக்க மேலே கொக்கி உண்டா? கொதிகலனின் குழாய்களை உருவ எதிரே அவற்றின் நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களா? தடித்த கையுறை போட்ட கையால் வால்வைத் திருப்ப முடியுமா? வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும். அதை எஃப்.ஜி.எம்.மின் முன்னால் விரித்துவிட்டு டீ வாங்கிக் கொடு, பிறகு நீ வாயைத் திறக்காதே. முழங்கை எங்கே இடிக்கும் என்று அவர் சொல்வார். அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒரு கர்னல் கூடுதலாக ஓர் அறைக்குச் சூடேற்றும் இணைப்புக் கேட்கிறார் என்றாய். மரியாதையாகப் பேசு, யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் தங்குமிட ஸ்கேலைக் காட்டு, எழுதிக் கொடுக்கச் சொல். இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஜார்க்கண்ட் கூலியாட்களைப் பற்றி நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கீழேயிருந்து வந்த மறுநாளே கையில் மண்வெட்டி கொடுத்துவிட்டார்களாமே. அந்த உயரத்துக்கு வருகிற படைவீரனுக்கு முதல் கட்டமாக ஆறு நாள் கொடுத்து உடம்பைப் பழக்கிய பிறகுதான் வேலைக்கு விடுவார்கள். மண் சுமப்பவனின் நுரையீரல் வேறு சரக்கா? ஒப்பந்தத்தில் அப்படி எழுதவில்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் தளத்துக்குப் பொறுப்பாளர் நீ. புதிதாக வந்தவர்களின் பெயரையும் வந்த தேதியையும் தனி நோட்டில் எழுது. மருத்துவ அதிகாரியைப் பார்க்காமல் யாரும் வேலையில் இறங்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடு. தேதி தள்ளிப் போனால் போகட்டும். இந்த ஒன்றில் பிடிவாதக்காரி என்று பெயர் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மா ஆவக்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள். எண்ணெய் கசியும் என்று கூரியர் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். வேறு டப்பாவில் மாற்றி இந்த வாரம் மறுபடி கொண்டுபோகிறேன். அதில் பாதியை அந்த எஃப்.ஜி.எம்.முக்குக் கொடு. வரைபடத்தைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்பதையும், அந்தக் கதவின் அகலத்தையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஜெனரேட்டரின் அகலமும் வேண்டும்.

அன்புடன்,
அப்பா